மிரியட் என்னும் ஆங்கிலப் பெயரடையும் தமிழின் பேரெண் சொற்களும்: பொருளும் ஆட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

பெருந்தொகையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் மிரியட் என்னும் பெயரடையைத் தமிழில் ‘எண்ணற்ற’ என்று பெயர்ப்பது இன்றைய வழக்கம். எண்ணுப்பெயர் ஒன்று தன் எல்லையைக் கடந்து மிகுதிப் பொருள் தருவது அவ்வாங்கிலச் சொல்லின் இயல்பு. எண்ணையே மறுப்பது ‘எண்ணற்ற’ என்பதன் இயல்பு. இவை இரண்டும் வேறு. ஆயிரம், பதினாயிரம், கோடி, பல் ஆகிய சொற்களின் ஆட்சியைத் தொல்காப்பிய முற்றும்மை விதி, தமிழ் விவிலியத்தின் பெயர்ப்பு முறை, சங்கப் பாடல்கள், நாஞ்சில் நாட்டுப் பேச்சு வழக்கு ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: மிரியட், எண்ணுப்பெயர், வரையறை எண், வரையா எண், முற்றும்மை, பதினாயிரம், பல், பஃறுளி.

முன்னுரை

“எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு” என்று கொட்டாரத்தில் ஒருவர் சொன்னால் யாரும் அவ்வேலைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. அவரே தோப்பில் நின்று “ஆயிரம் தேங்காயும் எண்ணியாச்சு” என்றால், ஒன்று குறைந்தாலும் வழக்கு வரும். சொல் ஒன்றே, சொல்பவரும் ஒருவரே. முதல் தொடரில் ஆயிரம் எல்லையற்ற மிகுதியையும் இரண்டாவதில் 999இற்கு அடுத்த எண்ணையும் குறிக்கின்றது. இந்த வேறுபாட்டைத் தமிழர் எதனால் அறிந்துகொள்கின்றனர் என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. ஆங்கிலச் சொல் ஒன்றைத் தமிழாக்கும் முயற்சியிலேயே இவ்வினா கூர்மையாக எழுகின்றது என்பதால் அச்சொல்லிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

மிரியட்: சொல் வரலாறு

மிரியட் என்பதன் வேர் கிரேக்கம். அம்மொழியில் ‘மூரியோய்’ என்பது பத்தாயிரத்தைக் குறிக்கும் எண்ணுப்பெயர். எண்ணமுடியாத மிகுதியைக் குறிக்கும் சொல்லும் அதுவே. அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் பத்தாயிரம் எனவும், இரண்டாம் அசையில் விழுந்தால் அளவிறந்தவை எனவும் கிரேக்க இலக்கணிகள் வேறுபடுத்தினர். ஒரே சொல்லின் வரையறைப் பொருளையும் வரையாப் பொருளையும் ஒலியழுத்தத்தால் பிரித்துக்காட்டிய மொழி அது. ஆயினும் வேற்றுமை உருபேற்ற வடிவங்கள் சிலவற்றில் இரு சொற்களின் அழுத்தமும் ஒன்றாகிவிடுகின்றது. அவ்விடங்களில் இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டும். இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

கிரேக்கர் கணக்கில் பத்தாயிரம் தனிச்சொல்லால் குறிக்கப்பட்ட அலகாகும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டினராகிய ஆர்க்கிமிடீசு, அண்டம் முழுவதையும் நிரப்பத் தேவையான மணலின் தொகையைக் கணக்கிட எழுதிய நூலில் இவ்வலகையே படிக்கல்லாகக் கொண்டார். பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கி வரும் தொகையைப் புதிய அலகாக்கி மேலே சென்றார். சீன மொழியிலும் பத்தாயிரத்திற்குத் தனிச்சொல் உண்டு. சீனப் பெருஞ்சுவரின் பெயரில் வரும் ‘பத்தாயிரம் லி’ என்னும் நீளமும், உலகப் பொருள் அனைத்தையும் சுட்டும் ‘பத்தாயிரம் பொருள்’ என்னும் தொடரும் அச்சொல் வரையா எண்ணாக வழங்குவதற்குச் சான்றுகள். வடமொழியில் அயுதம் உண்டு. தமிழ்க் கணக்கு ஆயிரத்திலிருந்து நூறாயிரத்திற்கும் பின் கோடிக்கும் தாவுவது. பத்தாயிரம், பதினாயிரம் என்பன புணர்மொழிகள். தனி அலகுகள் அல்ல. மிரியட் என்னும் சொல்லுக்குத் தமிழில் நேர் இருக்கை அமையாமைக்கு இது முதற்காரணம்.

ஆங்கிலத்தில் இச்சொல் 16ஆம் நூற்றாண்டில் பெயர்ச்சொல்லாகப் புகுந்தது. பெயரடையாக வழங்கத் தொடங்கியது அதற்குப் பிற்பட்டே. இக்காலத்தில் அதனைப் பெயரடையாக மட்டுமே ஆளவேண்டும் எனவும் பெயராக ஆள்வது பிழை எனவும் சிலர் கண்டிப்பதுண்டு. வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. தமிழ் பயின்றோர்க்கு இச்சர்ச்சை சற்று வியப்பாகவே தோன்றும். ‘ஆயிரம் பூ’, ‘பூ ஆயிரம்’, ‘பூக்களில் ஓராயிரம்’ என எண்ணுப்பெயர் முன்னும் பின்னும் வடிவம் மாறாது நிற்கும் மொழியில் பெயரா, பெயரடையா என்னும் வழக்கு எழ இடமில்லை.

எண்ணை மறுத்தலும் எண்ணால் மிகுத்தலும்

எண்ணற்ற, எண்ணிறந்த, எண்ணில், கணக்கற்ற, அளவிலா என வரும் சொற்கள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை. எண் அல்லது அளவு என்பதனை முதலில் நிறுத்தி அதனை அறுத்தல், இறத்தல், இன்மை ஆகியவற்றால் மறுப்பன. எண் என்பது தமிழில் எண்ணிக்கையையும் எண்ணத்தையும் ஒருங்கே குறிப்பதால், ‘எண்ணில்’ என்பது எண்ணிக்கைக்கும் நினைவுக்கும் எட்டாமை ஆகிய இரண்டையும் தருகின்றது. இது இக்குடும்பத்திற்கு வாய்த்த தனி அழகு. ஆங்கிலத்தில் இன்னியூமரபிள், கவுண்ட்லெஸ் முதலியவற்றிற்கு இவை நேரானவை.

மிரியட் இக்குடும்பத்துச் சொல் அன்று. அதனுள் மறுப்பு இல்லை. ஓர் எண் பெருகி வழிந்ததன் சுவடே உள்ளது. எண்ணிப் பார்க்கலாம், ஆனால் எண்ணி முடிவதற்குள் அயர்ந்துவிடுவோம் என்னும் குறிப்பு அச்சொல்லில் இருக்கின்றது. தனித்தனிப் பொருள்கள் கண்முன் நிற்கின்றன. எண்ணற்ற என்றதும் அவை திரளாகி மங்கிவிடுகின்றன. தமிழில் எண்ணால் மிகுக்கும் சொற்கள் இல்லாத குறையால் ‘எண்ணற்ற’ என்பதை நாடினோம் என்று சொல்லவும் இயலாது. ‘ஆயிரங்கண்ணோன்’ என்று இந்திரனைக் குறித்தது இம்மொழி. ‘ஆயிரம் காலத்துப் பயிர்’ என்று திருமணத்தைச் சொல்வதும் இம்மொழி. ஆம்பல், தாமரை, வெள்ளம் ஆகியவற்றையும் எண்ணுப்பெயராக்கியது. ஐ, அம், பல் என்னும் இறுதிகளையுடைய எண்ணுப்பெயர்களுக்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் புணர்ச்சி கூறுகின்றது. உரையாசிரியர்கள் அவற்றை முறையே தாமரை, வெள்ளம், ஆம்பல் எனக் காட்டினர். பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் எனக் கால அளவைகளை அடுக்குகின்றார். குளத்தை மூடிப் பூத்த மலரும் கரை புரண்ட நீரும் எண்ணின் பெயராயின. மிகுதியைக் கண்ணாற் கண்ட இடத்திலிருந்தே தமிழர் பேரெண்ணுக்குப் பெயர் எடுத்தனர் எனலாம்.

தமிழ் விவிலியம் தரும் சான்று

மிரியட் என்பதன் கிரேக்க மூலத்தைத் தமிழில் பெயர்த்தோர் எவ்வாறு கையாண்டனர் என்பதை அறியத் தனித்த வாய்ப்பு ஒன்று உள்ளது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இச்சொல்லும் இதன் பெயர் வடிவமும் பல இடங்களில் வருகின்றன. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்த விவிலியமே இன்றும் சீர்திருத்தத் திருச்சபைகளில் பெரிதும் வாசிக்கப்படுகின்றது. கொட்டாரத்தை அடுத்த மயிலாடியில் 1806இல் ரிங்கல்தௌபே தொடங்கிய இலண்டன் மிஷன் பணியின் வழிவந்த சபைகளிலும் தலைமுறைகளாக ஒலித்துவரும் தமிழ் இது. சமய நூல் என்பதனால் மொழியாய்வில் இது ஒதுக்கப்படுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

லூக்கா 12:1இல் மக்கள் திரண்ட காட்சியில் கிரேக்க மூலம் மிரியட் என்னும் பெயரின் பன்மையை ஆள்கின்றது. 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கு ‘எண்ணற்ற’ என்னும் பொருள்தரும் இன்னியூமரபிள் என்பதைத் தேர்ந்தது. தமிழோ ‘அநேகமாயிரம்’ என்றது. எபிரெயர் 12:22இல் தேவதூதர் கூட்டத்திற்கு ஆங்கிலம் மீண்டும் அதே மறுப்புச் சொல்லை ஆள, தமிழ் ‘ஆயிரம் பதினாயிரமான’ என்றது. யூதா 14இல் ‘ஆயிரமாயிரமான’ என்பது ஆட்சி. வெளிப்படுத்தின விசேஷம் 5:11இல் பதினாயிரம் என்பது அடுக்கி வருகின்றது. இவ்விடங்கள் ஒன்றிலேனும் தமிழ் மொழிபெயர்ப்பு ‘எண்ணற்ற’ என்பதையோ அதன் குடும்பச் சொற்களையோ நாடவில்லை. அருகிலிருந்த ஆங்கில முன்மாதிரி அவ்வழி காட்டியும் நாடவில்லை என்பது கருதத்தக்கது.

இதனினும் குறிப்பிடத்தக்கது அடுக்குத்தொடரின் பணி. வெளிப்படுத்தின விசேஷம் 5:11இல் பத்தாயிரங்களின் பத்தாயிரம் என்னும் கிரேக்கத் தொடர் ‘பதினாயிரம் பதினாயிரமாக’ என்னும் அடுக்காயிற்று, தொகை சொல்லப்படவில்லை. அதே நூலின் 9:16இல் குதிரைப்படையின் அளவைக் கூற ஏறத்தாழ அதே கிரேக்கத் தொடர், முன்னர் இரண்டு என்னும் அடையுடன் வருகின்றது. அங்குத் தமிழ் மொழிபெயர்ப்பு பெருக்கிக் கணக்கிட்டு ‘இருபது கோடி’ என்று தொகையைத் தந்துவிட்டது. பத்தாயிரத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் பத்துக் கோடி. அதன் இருமடங்கு இருபது கோடி. கணக்குப் பிசகவில்லை. ஏன் ஓரிடத்தில் அடுக்கும் மற்றோரிடத்தில் தொகையும்? இரண்டாம் இடத்தில் கூறுவோன் அத்தொகையைத் தன் காதாற் கேட்டதாக மூலமே சொல்கின்றது. கேட்ட தொகை வரையறுத்த தொகை. பார்த்துத் திகைத்த கூட்டம் வரையறுக்கப்படாதது. மொழிபெயர்ப்பாளர் இவ்வேறுபாட்டை இலக்கணப் பெயரிட்டு உணர்ந்தனரோ இல்லையோ, தமிழின் இயல்பு அவர்களை நடத்தியது. அப்போஸ்தலர் 19:19இல் எரித்த நூல்களின் விலையைக் கூறும் ‘ஐந்து மிரியட்’ என்பது ‘ஐம்பதினாயிரம்’ வெள்ளிக்காசு ஆனதும் இவ்வாறே.

ஐயத்திற்குரிய இடங்களும் உண்டு. மத்தேயு 18:24இல் கடன்பட்ட ஊழியன் கொடுக்கவேண்டிய தொகையும், 1 கொரிந்தியர் 4:15இல் ஆசிரியர்களின் தொகையும் கிரேக்கத்தில் அழுத்தத்தால் பிரித்தறிய முடியாத வடிவங்களில் உள்ளன. இரண்டிடத்தும் தமிழ் ‘பதினாயிரம்’ என்றே பெயர்த்தது. கடன் கதையில் பதினாயிரம் தாலந்து என்பதைக் கணக்கு எனக் கொள்வதா, கொடுத்துத் தீராத பெருங்கடன் எனக் கொள்வதா என்பதை வாசகர் முடிவுக்கே விட்டது நன்று. ‘எண்ணற்ற தாலந்து’ என்றிருப்பின் அக்கதையின் கூர்மை முழுவதும் மழுங்கியிருக்கும். தொகை குறிக்கப்படாத கடனை எவரும் கேட்டு வாங்க இயலாதன்றோ?

வரையா எண்ணை வரையறை எண்ணாகக் கொள்வதன் விளைவைப் பழைய ஏற்பாட்டிலேயே காணலாம். சவுல் ஆயிரத்தையும் தாவீது பதினாயிரத்தையும் கொன்றதாகப் பெண்கள் ஆடிப்பாடிய நிகழ்ச்சி 1 சாமுவேல் 18ஆம் அதிகாரத்தில் உள்ளது. பாடியோர்க்கு இரண்டும் மிகுதிச் சொற்கள். அரசனோ கணக்குப் பார்த்துச் சினந்தான்.

முற்றும்மை என்னும் உரைகல்

கிரேக்கம் அழுத்தத்தால் செய்ததைத் தமிழ் எதனால் செய்கின்றது? இதற்குரிய விடை தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. இத்துணை என அறியப்பட்ட சினைக்கும் முதலுக்கும் வினைப்படு தொகுதியில் உம்மை வேண்டும் எனக் கிளவியாக்கம் (நூ. 33) விதிக்கின்றது. கண்கள் இரண்டே எனவும் வேந்தர் மூவரே எனவும் அறிந்தவன் ‘கண் இரண்டும்’, ‘மூவேந்தரும்’ என்றே சொல்வான். நாஞ்சில் நாட்டுப் பிடாகைகள் பன்னிரண்டு என அறிந்தவர் ‘பன்னிரண்டு பிடாகையும் கூடியது’ என்பர். அறியாதவர் ‘பன்னிரண்டு பிடாகை கூடியது’ எனின், வேறு பிடாகைகளும் உள எனக் கேட்போர் மயங்குவர்.

இவ்விதி வழு களைவதற்காகக் கூறப்பட்டது. ஆயினும் அதனுள் ஒரு பொருளியல் உண்மை பொதிந்துள்ளது. முற்றும்மை ஏற்கும் எண் வரையறை எண். வரையா எண் முற்றும்மை ஏலாது. கொட்டாரத்துத் தொடர்களுக்கு மீள்வோம். ‘ஆயிரம் தேங்காயும்’ இயல்பான தொடர். ‘ஆயிரம் சோலியும் கெடக்கு’ என்று எவரும் சொல்வதில்லை; சொன்னால், முன்னரே பட்டியலிட்ட ஆயிரம் வேலைகளும் என்றாகிப் பொருள் திரிந்துவிடும். ‘அவளிடம் ஆயிரம் கதை உண்டு’ என்பதற்கும் ‘ஆயிரம் கதையும் உண்டு’ என்பதற்கும் உள்ள இடைவெளி இதுவே.

இங்கு ஒரு தடை எழுப்பலாம். ‘ஆயிரம் சொன்னாலும் கேட்கமாட்டான்’ என்பதில் வரையா எண்ணுடன் உம்மை வரவில்லையா என்பர். அவ்வும்மை வினையெச்சத்தைச் சார்ந்தது. எண்ணைத் தழுவி முற்றுப்பொருள் தருவதன்று. திருக்குறளின் 337ஆம் குறட்பாவில் கோடி என்பது ஏற்கும் உம்மையும் முற்றும்மை ஆகாது. உயர்வு சிறப்பு அது. அக்குறட்பா வேறொரு வகையிலும் நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஒரு பொழுதளவும் வாழும் நெறி அறியாதவர் எண்ணுவன கோடி என்ற அளவில் நில்லாது பலவாம் என்கின்றது அது. எண் வரிசையில் உயர்ந்த கோடியைப் ‘பல’ என்னும் எளிய சொல் விஞ்சிவிடுகின்றது. எண் எவ்வளவு பெரியதாயினும் எண்ணே. பல என்பதற்கு மேல்வரம்பு இல்லை.

முற்றும்மை காட்டுவது சொல்பவனின் முன்னறிவை மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்களும் திருவரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தில் 953 தூண்களும் இருப்பதாகக் கூறுவர். ‘ஆயிரங்கால்’ என்னும் பெயர் அங்கு வரையா எண்ணாகவே பிறந்தது. எனினும் வழிகாட்டி ஒருவர் ‘ஆயிரம் தூணையும் பாருங்கள்’ என்னும்போது அது வரையறை எண்ணாகிவிடுகின்றது.

இதற்கு நேர்மாறான இடம் திருவாய்மொழி. அதன் பதிகங்களின் இறுதிப் பாசுரங்களில் நம்மாழ்வார் தம் நூலை ஆயிரம் என்கின்றார். கிடைக்கும் பாசுரங்கள் 1102. இதனைக் கொண்டு ஆயிரம் என்பது இங்கு ‘மிகப் பல’ என்னும் பொருளது எனக் கூறுவோர் உளர். கூட்டிப் பார்த்தால் நிலைமை வேறு. நூறு பதிகங்களில் ஒன்றொழிய ஏனையவை பதினொரு பாசுரம் உடையன. பன்னிரு நாமப்பாட்டாகிய பதிகம் மட்டும் பதின்மூன்று. ஒவ்வொன்றின் இறுதியிலும் நிற்கும் பயன் கூறும் பாசுரத்தை நீக்கினால் எஞ்சுவன 1002. ஆழ்வார் ஆயிரத்தின் ‘உள்’ இவை பத்து என எல்லை கட்டிப் பேசுவதும் இதற்கு ஒத்துவருகின்றது. இது எண்ணி அமைத்த ஆயிரம். திருவாய்மொழியுள் பாடப்பெற்ற திருவண்பரிசாரமும் திருவட்டாறும் இம்மாவட்டத்துத் தலங்கள். அங்கு இன்றும் ஓதப்படும் ஆயிரத்தை மிகைச்சொல் எனத் தள்ளுவது தகாது.

கல்வெட்டுகளைப் படிப்போர்க்கு இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடாது. இடைக்கால வணிகக் குழுவினர் தம்மைத் ‘திசையாயிரத்து ஐந்நூற்றுவர்’ என்றனர். திசைகள் எட்டு அல்லது பத்து. ஆயிரம் என்பது ஐயமின்றி வரையா எண். அதனையடுத்த ஐந்நூற்றுவர் என்பது தோற்றத்தில் ஒரு தொகை. பின்னர்க் குழுப்பெயராய் இறுகியது. ஒரே பெயருக்குள் இருவகை எண்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. சோழர் மெய்க்கீர்த்திகளில் வரும் ‘இரட்டபாடி ஏழரை இலக்கம்’ என்பது எதன் தொகை என்பதில் வரலாற்றறிஞர்கள் மாறுபடுகின்றனர். எதன் தொகையாயினும், அதிலுள்ள அரை என்பதை நோக்கின் அது கணக்கிலிருந்து வந்த எண் என்பது தெளிவு. மிகுதியைச் சொல்ல வந்தவன் ஏழு என்பான், எட்டு என்பான், அரையைச் சேர்க்கமாட்டான்.

முழு எண் மட்டுமே வரையா எண்ணாகும் என்று இதனை நீட்டிவிடவும் கூடாது. ‘ஆயிரத்தெட்டுக் குறை சொல்கிறான்’ என்பது அன்றாட வழக்கு. வழிபாட்டில் 1008 சங்கு, 1008 போற்றி என வரையறையாக நின்ற எண், அங்கிருந்து வீட்டுச் சண்டைக்குள் வந்து வரையறை இழந்தது. புனிதமான எண் ஏளனத்திற்குப் பயன்பட்டது எவ்வாறு என்பது தனி ஆய்வுக்குரியது.

பல்: பஃறுளியும் மணலும்

எண்ணுப்பெயர் அல்லாத ‘பல்’ என்பதைத் தனியே நோக்கவேண்டும். தமிழில் இருமை எண் இல்லாமையின் ஒன்றின் மேற்பட்டன எல்லாம் பன்மை. இரண்டும் பல, இருபது கோடியும் பல. யாப்பிலக்கணம் பஃறொடை வெண்பா என்னும்போது நான்கடியைக் கடந்தாலே ‘பல்’ ஆகிவிடுகின்றது. எனவே பல் என்பது தன்னளவில் பெருமிகுதியை உணர்த்தாது. அதனை உணர்த்த மூன்று வழிகளை மொழி கண்டது. அடுக்குதல் ஒன்று: பலபல, பலப்பல, பற்பல, பல்பல என்னும் வடிவங்களுக்கு நன்னூல் (நூ. 170) விதி கூறுகின்றது. எண்ணுடன் சேர்த்தல் மற்றொன்று: பல்லாயிரம், பலகோடி. பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டு இவ்வழியில் படிப்படியாய் ஏறுவதால் பெற்ற மிகுதியை எவரும் அறிவர். மூன்றாவது, ஒப்பிடுதல்.

இம்மூன்றாம் வழிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு புறநானூற்றின் ஒன்பதாம் பாடல். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், பஃறுளி ஆற்று மணலினும் பல ஆண்டு அவன் வாழ்க என்கின்றார். இப்பாடலைச் சூழ்ந்து ‘பல்’ எத்தனை முறை நிற்கின்றது என்பதை உரைகள் போதிய அளவு கவனிக்கவில்லை எனத் தோன்றுகின்றது. மன்னன் பெயரில் பல் உண்டு: பல்யாகசாலை. ஆற்றின் பெயரில் பல் உண்டு: பல் + துளி. தனிக்குறிலை அடுத்த லகரம் தகரத்தின் முன் ஆய்தமாகத் திரிந்து பஃறுளி ஆயிற்று. வாழ்த்தின் முடிவிலும் பல் உண்டு. வேள்விகள் பல, துளிகள் பல, மணலினும் ஆண்டுகள் பல. முதலாவது எண்ணத்தக்க பன்மை. இரண்டாவது எண்ண இயலாதது. மூன்றாவது எண்ண இயலாததையும் கடந்தது. ஒரு சொல் மூன்று படிகளில் ஏறுகின்றது. பல்யாகசாலை என்னும் அடை புலவர் இட்டதன்று, மரபு தந்த பெயர் என மறுக்கலாம். உண்மையே. ஆனால் அப்பெயரும் ஆற்றின் பெயரும் அமைந்த இடத்தில் அவ்வாற்று மணலைத் தேர்ந்தது புலவரின் செயல்.

மதுரை மருதன் இளநாகனார் பாடிய 55ஆம் பாட்டிலும் இதே வாழ்த்து உண்டு. அங்கு மணல் திருச்செந்தூர்க் கடற்கரையது. காற்றுக் குவித்த மேடு. இரண்டு பாடல்களும் தென்பாண்டி நாட்டு மணலையே நாடின. பஃறுளியை மணக்குடியில் கடல் சேரும் பழையாற்றோடு ஒன்றாகக் கருதுவோர் நாஞ்சில் நாட்டில் உண்டு. கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் கூறும் ஆற்றை இன்றும் ஓடும் ஆற்றோடு இணைக்க வலுவான சான்று வேண்டும், ஒலியொற்றுமை போதாது. இக்கட்டுரைக்கு ஆற்றின் இடத்தைவிட அதன் பெயரே முதன்மை.

ஆர்க்கிமிடீசும் நெட்டிமையாரும் ஒரே பொருளைக் கையில் எடுத்தனர் என்பது சுவையானது. மணல் எண்ணிலடங்காதது என்பார் கூற்றை மறுக்கவே கிரேக்கர் எண்ணத் தொடங்கினார். அதற்கு மிரியட் என்னும் வரையறை எண் கருவியாயிற்று. தமிழ்ப் புலவர்க்கு மணல் எண்ணத்தக்கதா என்பது வினாவே அன்று. மணலை ஓர் அளவையாக வைத்து அதனைக் கடக்கச் சொன்னார். அதற்குப் ‘பல’ என்னும் வரையாச் சொல் கருவியாயிற்று.

இன்றைய உரைநடையும் மொழிபெயர்ப்பும்

இக்கால உரைநடையில் வரையா எண்ணை வெளிப்படையாகக் காட்டும் உறுப்பு ஒன்று வேரூன்றியுள்ளது. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான, இலட்சக்கணக்கான, கோடிக்கணக்கான என வருவனவற்றின் ‘-கணக்கான’ என்பதே அது. இச்சொற்கள் ஒருபோதும் வரையறைப் பொருள் தருவதில்லை, முற்றும்மையும் ஏலா. கணக்கு என்னும் சொல் கணக்கின்மையைக் காட்டப் பயன்படுவது நகைமுரண். ‘பத்தாயிரக்கணக்கான’ என்பது மொழிபெயர்ப்புகளில் அரிதாகத் தலைகாட்டினும் பேச்சில் ஏறவில்லை; ‘பல்லாயிரக்கணக்கான’ என்பதே செவிக்கு இயல்பு. பத்தாயிரம் தமிழில் அலகு அன்று என முன்னர்க் கூறியது இங்கும் உறுதிப்படுகின்றது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மலையாளத் தொடர்பால் வழங்கும் ‘ஒருபாடு’ என்பது இவற்றினும் எளியது. எண்ணும் இல்லை, எண்ணின் மறுப்பும் இல்லை, அளவு மட்டுமே உண்டு. ‘ஒருபாடு ஆளு’ என்றாலும் ‘ஒருபாடு வெள்ளம்’ என்றாலும் அது பொருந்தும். மிரியட், ஆயிரம் ஆகிய இரண்டும் எண்ணத்தகு பெயர்களையே நாடுவன. ‘ஆயிரம் தண்ணீர்’ என்பதில்லை.

எனவே மிரியட் வருமிடத்து அதன் பின் நிற்கும் பெயரை நோக்கிச் சொல் தேர்வதே தக்கது. கூட்டத்தைக் குறிப்பின் பல்லாயிரம். வாழ்க்கைச் சிக்கல்களைக் குறிப்பின் ஆயிரம். விண்மீனைக் குறிப்பின் கோடி. ஆங்கிலத்தில் அச்சொல் இக்காலத்தில் தொகைமிகுதியோடு வகைமிகுதியையும் உணர்த்துகின்றது. அவ்விடத்துப் ‘பல்வேறு’, ‘பற்பல’ என்பன துணைநிற்கும். ‘எண்ணற்ற’ என்பதை இன்னியூமரபிள் என்பதற்கே விட்டுவைத்தால் இரு சொற்களும் தத்தம் பணியைச் செய்யும்.

கோலரிட்ஜ் 1817இல் வெளியிட்ட ‘பயோகிராபியா லிட்டரேரியா’ என்னும் நூலில் சேக்சுபியரை ‘மிரியட் மைண்டட்’ என்றார். கிரேக்கத் துறவி ஒருவர் கான்ஸ்டாண்டிநோப்பிள் ஆயரைக் குறித்து வழங்கிய தொடரைத் தாம் எடுத்தாண்டதாக அவரே குறிப்பிடுகின்றார். இதனை ‘எண்ணற்ற மனங்கொண்டவர்’ எனப் பெயர்த்தால் மனநிலை திரிந்த ஒருவரைப் பற்றிய செய்தி போல் ஒலிக்கும். ‘பன்முக ஆற்றலாளர்’ என்பது இன்று பாராட்டுவிழா மேடைகளில் தேய்ந்துபோன தொடர். அத்துடன் அது ஆற்றலைச் சொல்கின்றதேயன்றி ஒருவரே பலராய் நினைக்கும் இயல்பைச் சொல்லவில்லை. ஆயிரங்கண்ணோன் என்னும் பழைய ஆக்கத்தைப் பின்பற்றி ‘ஆயிரம் உள்ளத்தோன்’ எனலாம். உறுப்புப் பெயருக்கு முன் வரையா எண்ணை நிறுத்தி ஒருவனைச் சிறப்பிப்பது தமிழுக்குப் புதிதன்று. ஆயிரம் அங்கே உம்மை ஏலாது நிற்பதனால், அவ்வுள்ளங்களை எண்ணிப் பார்க்கவும் எவரும் முற்படார்.